மணல்வாரி இறங்கிய காலை

தெமோதரைத் தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசைவீட்டு வாசலில் இளவெயில் விழுந்திருக்கிறது. மணல்வாரி அம்மை இறங்கித் தலைக்கு ஊற்றிய மூத்த மகளின் ஈரமுடியை ஆராயி கோதிக்கொண்டிருக்கையில், மேல்லயத்துச் செவத்தி கைக்குழந்தையோடு வருகிறாள். போன மாதம் இதே அம்மைக்குத் தன் பிள்ளையைப் பறிகொடுத்தவள் அவள். மூத்தவளுக்குக் காய்ச்சலும் கண்சிவப்பும் கண்டதுமே, "இதுவும் அதேதான் ஆராயி. சின்னதுக்கு ஒட்டிக்கும், எங்கிட்ட குடு" என்று ஆராயியின் இந்தக் கைக்குழந்தையை வாங்கிப்போய்த் தன் பாலைக் கொடுத்துக் காத்தாள். இப்போது துணியை விலக்கிக் காட்டுகிறாள். குழந்தையின் மேனியில் ஒரு தடிப்பும் இல்லை. "இந்தா, உன் புள்ள." குழந்தை சிணுங்குகிறது. செவத்தியின் மாராப்பு நனைகிறது. செவத்தி உட்கார ஆராயி முந்தானையால் வாசற்படியைத் துடைக்கிறாள். "பசிக்குது போலக்கா. நீங்களே குடுத்துட்டுப் போங்க. நாளைக்கும் வாங்க."