இரண்டு கிலோ கூடுதல்

என் மாமனார் சென்னியப்பனுக்கு இதயம் பலவீனம். முழுதாகக் குணமாகாது, மாத்திரையும் உப்புக் குறைந்த சாப்பாடுமாகப் பல வருடம் ஓட்டலாம் என்று டாக்டர் போனில் சொல்லியிருந்தார். தினமும் எடை பார்க்க வேண்டும். இரண்டு நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடம்பில் நீர் கோத்திருக்கும், உடனே கூட்டி வரவேண்டும்.

இன்று ஏறியிருந்தது.

“கார் சொல்லட்டுங்களா மாமா?”

“பஸ்ஸே போதுமுங்க மாப்பிள்ளை. சன்னலோரம் காத்து வரும்.”

கேரளத்துச் சித்தூரிலிருந்து பாலக்காடு ஆஸ்பத்திரி வரை எனக்கு வயல்களைக் காட்டிக்கொண்டே வந்தார்.

டாக்டர் அவர் காலை அழுத்திப் பார்த்தார். வீக்கம் இல்லை. எடை பார்க்கச் சொன்னதும் மாமா வேட்டி மடியிலிருந்து ஓர் இரும்பு எடைக்கல்லை எடுத்து மேசைமேல் வைத்தார். வீட்டில் கொப்பரை நிறுக்கும் இரண்டு கிலோக் கல்.

“ஏனுங்க மாமா இது?”

“எம்புள்ள மௌனிகா தவறிப்போயி ஒம்பது மாசமாச்சு. அதுக்கப்பறம் நீங்க ஊட்டை உட்டு வெளிய வந்தது இன்னைக்குத்தானுங்க.”

நான் கல்லை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை அவர் எடை பார்க்க ஏறி நின்றதும், கல்லை எடுத்து நானே அவர் கையில் கொடுத்தேன்.

“ரெண்டு கிலோ ஏறிருச்சுங்க மாமா. கெளம்புங்க.”