உடைந்த இடம்

சுரங்கம் இடிந்த ஒன்பதாம் நாள், உள்ளே சிக்கிய சவரியைத் தேடுவதை நிறுத்திவிட்டார்கள். அதை அவன் மனைவி பிலோமினாவிடம் சொல்ல நிலவியலாளர் தணிகாசலத்தை அனுப்பினார்கள். தங்கம் ஓடும் வெள்ளைக்கல்லைப் பார்த்து, இந்த வழியாகத் தோண்டுங்கள் என்று சிவப்புச் சாயத்தில் குறி போட்டவர் அவர்தான். அன்று அவருக்கு விளக்குப் பிடித்தவன் சவரி.

பிலோமினா அழவில்லை. "அங்க எப்படி சார் தங்கம் வந்துச்சு?" என்று கேட்டாள்.

கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் இரண்டு நிலங்கள் மோதி மலை எழுந்ததையும், அடியில் பாறை பிளந்ததையும், அந்தப் பிளவு வழியாக ஏறிய கொதிநீர் தங்கத்தை விட்டுச்சென்றதையும் சொன்னார். சொல்லும்போது குரல் வகுப்பெடுப்பதுபோல் சீராக இருந்தது அவருக்கே கூசியது.

"அப்ப அது ஏற்கெனவே ஒடஞ்ச எடம்."

"ஆமாம்மா."

"தெரிஞ்சுதான் உள்ள அனுப்புனீங்க."

தங்கம் அங்கேதான் இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் எழுந்து, அவர் தொடாமல் வைத்திருந்த தேநீரை வாசலில் கொட்டிவிட்டு, கதவை விரியத் திறந்து பிடித்தபடி நின்றாள்.