கூட்டை விட்டு இறங்காத காக்கை

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அந்த மைனா நல்லதா கெட்டதா என்பதே எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இளம் காக்கை ஒன்று முதல்முறையாக முட்டையிட்டு அடைகாத்தது. பக்கத்து மரத்து மைனா வந்து, "துணிக்கொடியிலே ஊஞ்சலாடலாம், வாடி," என்றது.

"நான் இறங்கினா குயில் வந்து அவ முட்டையைப் போட்டுட்டுப் போயிடுவா. உன்னை அனுப்பினதே அவதானே?"

"அடிப் பாவி! பத்து நாளா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கியேன்னு கூப்பிட்டேன்."

காக்கை மைனாவை ஏற இறங்கப் பார்த்தது. எங்கோ குயில் கூவியது. ஆனாலும் ஊஞ்சல் ஆசை விடவில்லை.

கடைசியில் முட்டைகளின் மேல் இன்னும் அகலமாக உட்கார்ந்துகொண்டு, "நான் எங்கேயும் வரலை. நீ வந்து என் கிளையை ஆட்டு," என்றது.