ஏழாவது வரிசையின் காலிக் கட்டம்

தற்கொலைத் தடுப்புத் திட்ட வரைவின் ஏழாவது வரிசை திரையில் நிற்கிறது: 'உதவி கேட்டு வருபவரை அடுத்த அலுவலகத்தில் நேரில் ஒப்படைப்பது யார்?' பக்கத்துக் கட்டம் வெறுமையாக இருக்கிறது. அதில் கர்சர் மட்டும் கண் சிமிட்டுகிறது. தட்டச்சுக்காரி விசைப்பலகைமேல் விரல்களை வைத்துக் காத்திருக்கிறாள். திரைச்சீலை இடுக்கில் நுழைந்த மதிய வெயில் ஆறிப்போன தேநீர்க் கோப்பைகள்மேல் விழுகிறது. "நாங்க மருந்து எழுதித் தர்றோம். கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போக ஆள் எங்க இருக்கு?" என்கிறார் மருத்துவத் துறைக்காரர். "ஸ்டேஷன்ல மட்டும் ஆள் கொட்டிக் கிடக்குதாக்கும்" என்று காவல் அதிகாரி சிரிக்கிறார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. அதனால்தான் அவளால் யார்மீதும் கோபப்படக்கூட முடியவில்லை. கூட்டத் தலைவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி, "இழுத்துக்கிட்டே போக வேண்டாம். 'சம்பந்தப்பட்ட துறை'ன்னு போட்டுக்கம்மா" என்கிறார். அவள் விரல்கள் நகர மறுக்கின்றன. தம்பி போன பிறகு அவன் சட்டைப்பையிலிருந்து அவள் எடுத்த மூன்று சீட்டுகளிலும், மூன்று அலுவலக முத்திரைகளுக்கு மேலே, ஒரே வரிதான் இருந்தது: சம்பந்தப்பட்ட துறையை அணுகவும். "போட்டாச்சாம்மா?" ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி முடிக்கிறாள். "போட்டாச்சு சார்." கர்சர் எட்டாவது வரிசைக்குப் போய்க் கண் சிமிட்டத் தொடங்குகிறது.