தழும்பு இல்லாதவள்

மார்பில் கட்டி இருக்கிறதா என்று நீங்களே தடவிப் பாருங்கள் என்று ஆறு வருடமாக வீடு வீடாகச் சொல்லிவந்தாள் சுகாதாரப் பணியாளர் பவுனம்மாள். பெண்கள் சிரித்தார்கள், சிலர் கதவைச் சாத்தினார்கள். புற்றுநோய்க்கு ஒரு மார்பைக் கொடுத்துவிட்டுப் பிழைத்துவந்த ரெஜினா, இன்று சமுதாயக் கூடத்தில் பெண்களிடம் தன் தழும்பைக் காட்டினாள். அவ்வளவுதான், வெளியே வந்து நின்றிருந்த மார்பகப் பரிசோதனை வேனுக்கு முன்னால் தெருவே வரிசையில் நின்றது. பவுனம்மாளுக்கு வயிறெரிந்தது. எனக்கும் அப்படியொரு தழும்பு இருந்திருந்தால் என்று நினைத்தவள், நினைத்ததை எண்ணித் திடுக்கிட்டாள். ரெஜினா பக்கத்தில் வந்தாள். “நீங்க பாத்துக்கிட்டீங்களாக்கா?” இத்தனை வருடத்தில் அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவளும் பார்த்துக்கொண்டதில்லை. “அதெல்லாம் எப்பவோ பாத்தாச்சு” என்றாள் வெடுக்கென்று. ரெஜினா அந்தப் பக்கம் போகும்வரை காத்திருந்துவிட்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டாள்.