எட்டு மேசை, நாலு கார்டு

“கையை எடு, பூன் ஹுவா! அந்த மிஷின்ல மட்டும் தட்டினே, நாளைக்கு உன் விருந்துக்கே வர மாட்டேன்.”

சியோக் கெங் போட்ட சத்தத்தில் பூன் ஹுவாவின் கை அந்தரத்தில் நின்றது. அவன் கார்டுக்கும் இயந்திரத்துக்கும் நடுவே ஒரு விரற்கடைதான் இடைவெளி.

நாளைக்கு அவனுக்குக் கல்யாணம். காத்தோங்கில் ஒரு ஹோட்டலின் மாடியில் இருக்கிற சீன உணவகத்தில் எட்டு மேசை விருந்து. மேசைக்கு ஆயிரம் சிங்கப்பூர் வெள்ளி. பாதியை இன்றே கட்டிவிட வேண்டும் என்று கீழே வரவேற்பறைக்கு வந்த இடத்தில்தான் இந்த ரகளை.

“இந்த மிஷினுக்கு என்ன வந்துச்சு?”

“இது ஹோட்டல் மிஷின். இதுல தட்டினா ரூம் வாடகைன்னு பதிவாகும். வெள்ளிக்கு ஒரு விமான மைல். மாடில இருக்கிற மிஷின்ல தட்டினா சாப்பாட்டுச் செலவு. வெள்ளிக்கு நாலு மைல்.”

“அதை யார் உனக்குச் சொன்னா?”

“யார் சொல்லணும்? போன வாரமே வந்து, கீழ ஒரு காப்பி, மேல ஒரு காப்பி வாங்கித் தட்டிப் பார்த்துட்டேன்.”

கல்யாணப் பெண் பெக் லியன் களுக்கென்று சிரித்தாள். “அக்கா சொல்றபடி செய்ங்களேன். அவங்க கணக்கு தப்பாது.”

“என் கல்யாணம், என் பணம். கார்டு மட்டும் இவளோடது!”

“பணத்தை எனக்கு போன்ல அனுப்பு, நான் தட்டறேன். உனக்கு ஒரு காசு நட்டமில்ல. ஒரு கார்டுக்கு மாசம் ஆயிரம் வெள்ளி வரைக்கும்தான் நாலு மைல் தருவான். என்கிட்ட நாலு கார்டு. இன்னிக்கு முப்பத்தொண்ணு, நாலாயிரம். விடிஞ்சா புது மாசம், இன்னொரு நாலாயிரம்.”

பூன் ஹுவா அவளைச் சந்தேகத்தோடு பார்த்தான். “அதெப்படி கல்யாணம் சரியா ஒண்ணாம் தேதில வந்து விழுந்துச்சு?”

“தானா விழுமா? நாள் பார்த்தவர் மூணு நல்ல நாள் குறிச்சுக் கொடுத்தார். இதைப் பிடின்னு பெக் லியன்கிட்ட சொன்னதே நான்தான்.”

அவன் பெக் லியனின் பக்கம் திரும்பினான். “இந்த நாள்தான் ராசியான நாள்னு சொன்னியே?”

“ஆமா. எனக்குன்னு சொன்னேனா?”

அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. உடனே முகத்தை இறுக்கிக்கொண்டு குரலைத் தணித்தான். “எடின்பரோவுக்கு டிக்கெட் நான் வாங்கித் தரேன்னு எத்தனை தடவை சொல்லிட்டேன்?”

வரவேற்பறையின் கண்ணாடித் தொட்டியில் ஒரு பெரிய மீன் அசையாமல் நின்றது. சியோக் கெங் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த மாதம் அவள் மகள் மெய் என்னுக்கு எடின்பரோவில் பட்டமளிப்பு. முதுகெலும்பில் அறுவை நடந்ததிலிருந்து சியோக் கெங்கால் மூன்று மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து உட்கார முடியாது. படுத்துக்கொண்டு போகிற இருக்கைதான் வேண்டும். கார்டில் சேர்ந்த மைல்களைக் கொடுத்து அதை வாங்க இன்னும் முப்பத்திரண்டாயிரம் மைல் குறைந்தது.

“உன் காசுல போய் இறங்கறது வேற” என்றாள் கடைசியில். “நாலு வருஷமா சேர்க்கறேன். பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜ், ஆபீஸ்ல பதினோரு பேர் சாப்பாடு, எவன் எதை வாங்கினாலும், பணத்தை என்கிட்ட கொடு, நான் தட்டறேன்னு போய் நின்னேன். ‘பாயிண்ட் ஆன்ட்டி’ன்னு பேர் வச்சாங்க. வைக்கட்டும். என் பொண்ணு மேடை ஏறும்போது, நானே சம்பாதிச்ச சீட்டுல படுத்துத் தூங்கிட்டு வந்து நிமிர்ந்து நிக்கணும்.”

பூன் ஹுவா தன் கால் சப்பாத்தைப் பார்த்தான். பிறகு தன் கார்டைப் பைக்குள் வைத்துவிட்டு கைப்பேசியை எடுத்தான்.

அவள் கைப்பேசி சிணுங்கியது. நாலாயிரம்.

மாடிக்குப் போனார்கள். விருந்து ஏற்பாடுகளைக் கவனிக்கிற ஹனிஸ் என்ற இளம்பெண் உணவகத்து இயந்திரத்தை நீட்டினாள். சியோக் கெங் கார்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டினாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கீச்சொலி. நாலாவது ஒலிக்குக் கொஞ்சம் நேரமானது. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கேட்டது.

“பதினாறாயிரம்!” என்றாள் அவள். முதுகு வலியை மறந்து நன்றாக நிமிர்ந்திருந்தாள். “மிச்சம் நாளைக்கு. சூப் வர்றதுக்கு முன்னாடி மிஷின் என் கைக்கு வந்துடணும், சொல்லிட்டேன்.”

“உங்ககிட்ட நான் பாடமே படிக்கணும் ஆன்ட்டி” என்ற ஹனிஸ் குறிப்பேட்டைத் திறந்தாள். “நாளைக்குக் காலைல மாப்பிள்ளையும் பொண்ணும் பெரியவங்களுக்குத் தேநீர் கொடுப்பாங்கல்ல, அதுக்கு நாற்காலி போடணும். உங்களுக்கும் ஒண்ணு போட்டுடறேன். நீங்க மாப்பிள்ளைக்கு அக்காதானே?”

பெக் லியன் வாயைப் பொத்திக்கொண்டாள். பூன் ஹுவா விட்டத்தைப் பார்த்தான்.

சியோக் கெங் நாலு கார்டுகளையும் அடுக்கிப் பைக்குள் வைத்தபடி சொன்னாள்:

“அக்கா இல்லம்மா. இவனோட முதல் கல்யாணத்துல பொண்ணே நான்தான். அப்போ இருபது மேசைக்கும் ரொக்கமா கட்டித் தொலைச்சோம். ஒரு பாயிண்ட்கூட வரல.”