ஹூன் என்கிற 54984

சித்தூர் பஜார் பாத்திரக்கடையில் ஒரு எவர்சில்வர் டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு கிருஷ்ணப்பா காலையிலிருந்து பெருக்கல் போட்டுக்கொண்டிருந்தார்.

கொரியா மாப்பிள்ளை நாளைக்கு முதன்முதலாக வீட்டுக்கு வருகிறார். மகள் தேன்மொழியும் அவரும் திருப்பதியில் இறங்கி, டாக்ஸி பிடித்து, பகல் சாப்பாட்டுக்கு வந்துவிடுவார்கள்.

கிருஷ்ணப்பா வீட்டில் பேர் வெட்டாத டம்ளர் விருந்தாளிக்கு. பேர் வெட்டினது வீட்டு ஆளுக்கு. பூனைக்குக்கூடப் பேர் வெட்டிய கிண்ணம் உண்டு.

மாப்பிள்ளை பேர் ஹூன். கொரிய மொழியில் அது ஒரே எழுத்து. அதற்குள் ஹ, ஊ, ன் மூன்று துண்டும் ஷேர் ஆட்டோவில் ஏறினமாதிரி நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும்.

பேர் வெட்டுகிற துலுக்காணத்தின் கம்ப்யூட்டரோ கிருஷ்ணதேவராயர் காலத்தது. தமிழ், தெலுங்கு, இங்கிலீஷ் தெரியும். வேறு எழுத்து வேண்டுமானால் அதன் நம்பரை அடிக்கவேண்டும்.

“கொரியாக்காரன் பதினோராயிரத்து நூத்தி எழுவத்திரண்டு எழுத்துக்கும் தனித்தனி நம்பர் வாங்கி வச்சிக்கீறான்பா. டெலிபோன் ஆபீஸ்ல அத்தினி கனெக்‌ஷன் குடுக்க எனக்கு முப்பத்தாறு வருஷம் ஆச்சி,” என்றார் ரிடையரான கிருஷ்ணப்பா.

அவர் கொடுத்தது அதில் கால்வாசிகூட இராது.

நம்பர் கண்டுபிடிக்கும் வழியை மூன்று நாள் போனில் துழாவிப் பிடித்திருந்தார். முதல் துண்டின் வரிசை எண்ணை 588-ஆல் பெருக்கு. நடுத்துண்டை 28-ஆல் பெருக்கு. கடைசித் துண்டைக் கூட்டு. மேலே 44032 போடு.

55600 வந்தது. அடித்தார்கள்.

திரையில் வெறும் கட்டம். கொரியா எழுத்துகள் 55203-லேயே முடிந்துபோயிருந்தன.

“பொண்ணுக்கே ஒரு போன் போட்டுக் கேட்டுடேன்ணா,” என்றார் துலுக்காணம்.

“அவளுக்குத் தெரியக்கூடாது.”

அப்புறம்தான் பொறி தட்டியது. கொரியாக்காரன் வரிசையைப் பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறான். ஹ பத்தொன்பதாவது ஆள், நம்பர் பதினெட்டு. ஊ பதினாலாவது, நம்பர் பதிமூன்று. ன் மட்டும் பழைய நாலுதான்; அந்த வரிசையில் பூஜ்யம், கடைசித் துண்டே இல்லாத எழுத்துக்கு.

54984.

எழுத்து வந்து நின்றது. தலையில் தொப்பி, இரண்டு கையும் அகல விரித்து, ஒரு பலகைமேல் நிற்கிற ஆள்மாதிரி.

கிருஷ்ணப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிரம்மா படைக்கும்போதுகூட இப்படிப் பார்த்திருக்கமாட்டார்.

ஊசி டர்ரென்று ஓடி நின்றது. டம்ளரில் மாப்பிள்ளை வந்துவிட்டார்.

“அடியில தேதி போடணுமேணா. நாளைத் தேதியா?”

கிருஷ்ணப்பா டம்ளரை வேட்டி நுனியால் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

“ரெண்டாயிரத்து இருவத்திரண்டு, செப்டம்பர் நாலு.”

“அது போயி மூணு வருஷம் ஆவுதே. அன்னிக்கி இன்னா?”

“கல்யாணம்,” என்றார். “பத்திரிகை வந்துச்சி. நான்தான் போவல.”